‘பதிவு எதுவும் இல்லை’ என்று நான் எழுதிய கடிதம்

போன மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. தேவாரம் முடிந்ததும் செயலாளரின் மகள் மேடையேறி, அந்த மண்டபம் நிற்கிற நிலம் எந்தெந்தப் பூர்வகுடி மக்களுடையது என்று ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள். இப்போது எந்தக் கூட்டத்திலும் இதை வாசிக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த குணம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

“உது வெள்ளைக்காரன் செய்த வேலை, சிவராசா. நாங்கள் நேற்று வந்த சனம். எங்களுக்கும் உதுக்கும் என்ன?”

“அப்பிடிச் சொல்லேலாது அண்ணை. நானும்...” என்று தொடங்கினேன். அதற்குள் ஆண்டறிக்கை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். குணம் அண்ணையும் திரும்பிக் கேட்கவில்லை. சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் ஆறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். அகதியாக ரொறன்ரோ வந்த பிறகு கோப்பை கழுவினேன், பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றேன், மாலை வகுப்பில் ஆவணப் பராமரிப்புப் படித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், நகரின் நடுவில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஆவணக் காப்பகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. அந்தச் சபை ஒருகாலத்தில் வடக்கே, ஏரிகளும் காடுமான பகுதியில், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று வதிவிடப் பாடசாலைகள் நடத்தியது. பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், தலைமயிரை வெட்டி, தாய்மொழி பேசினால் அடித்து வளர்த்த இடங்கள் அவை. பலர் திரும்பி வரவில்லை. அந்தப் பாடசாலைகளின் கடதாசிகள் எங்கள் நிலவறையில் சாம்பல் நிறப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன.

இதெல்லாம் எனக்கு வேலையில் சேரும்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது கடதாசி. துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றுவது, மடிப்பு விட்ட தாளைப் பலகையில் வைத்துத் தூக்குவது, வாசிப்பறையில் பேனைக்குப் பதில் பென்சில் மட்டும் கொடுப்பது. முதல் மூன்று மாதத்திலேயே எல்லாம் கைக்கு வந்துவிட்டது.

என் மேலதிகாரி மிஸ்டர் ஹோல்டன். உயரமான, மெலிந்த மனிதர். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. என் பெயரைப் பாதியாக்கி “மிஸ்டர் சிவா” என்று கூப்பிடுவார். ஆனால் ‘மிஸ்டர்’ இல்லாமல் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. நான் தட்டச்சுச் செய்து கொண்டுபோகும் கடிதத்தை மேசையில் வைத்து, ஒரு மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே பிடித்து, வரி வரியாக இறக்கிக்கொண்டு வாசிப்பார். அடிமட்டம் ஒரு வரியில் நின்றால் அங்கே ஏதோ பிழை என்று அர்த்தம்.

முதல் வாரத்திலேயே அது நின்றது. ‘வருந்துகிறோம்’ என்று எழுதியிருந்தேன்.

“இந்தச் சொல் வேண்டாம், மிஸ்டர் சிவா.”

“மரியாதைக்கு எழுதினேன், சேர்.”

“தெரியும். ஆனால் வருத்தம் தெரிவித்தால், வருத்தப்பட நாங்கள் ஏதோ செய்திருக்கிறோம் என்றாகிவிடும். சட்டத்தரணிகள் விரும்பமாட்டார்கள். ‘அறியத் தருகிறோம்’ என்று போடுங்கள்.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. நான் குளிருக்குச் சரியான சப்பாத்து இல்லாமல் வந்த முதல் பனிக்காலத்தில், ஒன்றும் சொல்லாமல் தன் மகனின் பழைய சப்பாத்துகளை ஒரு பையில் போட்டு என் மேசைக்குக் கீழே வைத்தவர். அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் அது நீதியாகாது.

எங்களிடம் கடிதங்கள் வரும். ‘என் அப்பா அந்தப் பாடசாலையில் படித்தாரா?’, ‘என் மாமி எந்த வருடம் வெளியேறினார்?’ என்ற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடைமுறை இருந்தது. கேட்டவர் எழுதிய பெயரை அனுமதிப் பதிவேட்டில் தேட வேண்டும். பிறகு காலாண்டு வரவுப் பட்டியலில். பிறகு பெயரட்டைப் பெட்டியில். மூன்று இடம், மூன்று சரி அடையாளம். கிடைத்தால் ‘ஏ’ கடிதம். அரைகுறையாகக் கிடைத்தால் ‘பி’. கிடைக்காவிட்டால் ‘சி’: “நீங்கள் குறிப்பிட்ட பெயரில் எங்களிடம் பதிவு எதுவும் இல்லை என்பதை அறியத் தருகிறோம்.” கையெழுத்துக்குப் பதிலாக, தேடியவரின் பெயரின் முதலெழுத்துகள் அடியில் இருக்கும். நான் கந்தையா சிவராசா. கே.எஸ்.

நிலவறையின் கடைசி வரிசையில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டிய பெட்டிகளும் இருந்தன. பாடசாலை அதிபர்களின் சொந்தக் கடிதப் போக்குவரத்து. அவற்றைத் திறக்க மேலதிகாரியின் அனுமதி வேண்டும். தேடவேண்டிய மூன்று இடங்களில் அவை சேரவில்லை.

வேலையில் சேர்ந்து ஆறாவது மாதம், வடக்கே ஏதோ ஒரு பூர்வகுடிக் குடியிருப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட கொப்பித் தாள். பென்சில் எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. எழுதியவர் ஒரு தாய். மகள் ஆக்னஸ் வாபூஸ். ஒன்பது வயதில் பாடசாலையிலிருந்து திரும்பி வரவில்லை. மற்றப் பிள்ளைகள் கோடையில் வந்தபோது இவள் வரவில்லை. கேட்டதற்கு, தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பாடசாலையில் சொன்னார்களாம். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ‘எனக்கு வயதாகிறது. என் பிள்ளை எங்கே என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்.’

மூன்று இடத்திலும் தேடினேன். வாபூஸ் என்ற பெயர் இல்லை. ஆனால் அனுமதிப் பதிவேட்டில் அதே வருடம், அதே குடியிருப்பிலிருந்து, ஆக்னஸ் ராபிட் என்று ஒரு பிள்ளை இருந்தாள். தகப்பன் பெயர் மோசஸ். தாயின் கடிதத்திலும் தகப்பன் பெயர் மோசஸ்.

வீட்டுக்குப் போகும் வழியில் நூலகத்தில் இறங்கி, அந்த மக்களின் மொழி அகராதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வாபூஸ் என்றால் முயல். பாடசாலைக்காரன் தகப்பனின் பெயரை ஆங்கிலமாக்கி எழுதியிருக்கிறான். கச்சேரியில் ஆறு வருடம் இருந்தவனுக்கு இது புதிதில்லை. பதிவு எழுதுகிறவன் வாயில் வந்ததைத்தான் எழுதுவான். குடும்பத்தின் பெயர் அன்றோடு மாறிவிடும்.

மறுநாள் காலை ஹோல்டனிடம் பதிவேட்டையே தூக்கிக்கொண்டு போனேன்.

“இது அந்தப் பிள்ளையாக இருக்கலாம், சேர். சிவப்புப் பெட்டியைத் திறந்தால் நிச்சயமாகத் தெரியும்.”

அவர் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் மூடினார்.

“‘இருக்கலாம்’ என்பது ஒரு ஆவணம் அல்ல, மிஸ்டர் சிவா. நாளைக்கு இது வேறொரு பிள்ளை என்று தெரியவந்தால் அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வோம்? கேட்ட பெயரில் தேடினீர்களா?”

“தேடினேன்.”

“கிடைத்ததா?”

“இல்லை.”

“அப்படியென்றால் உங்கள் வேலை முடிந்தது.”

அந்த நேரம் என் தகுதிகாண் காலம் முடிய இரண்டு கிழமை இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் என் மனைவி சாந்தாவையும் மகளையும் கொழும்பிலிருந்து கூப்பிடலாம். இதை நான் சாட்டாகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மனதில் என்ன ஓடியது என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்றும் ஓடியது. என் அக்காவின் புருசனை இராணுவம் கொண்டுபோனபோது, அக்காவோடு நான் முகாம் வாசலில் நின்றிருக்கிறேன். உள்ளே ஒருவன் ஒரு கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்றான். அவன் புரட்டிய விதத்தில் வாசிக்கவில்லை என்று தெரிந்தது. அந்த வசனம் ஒரு மனுசியை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துகொண்டுதான் ‘சி’ கடிதத்தைத் தட்டச்சுச் செய்தேன். அடியில் கே.எஸ். போட்டேன். தபாலில் சேர்த்தேன். இரண்டு கிழமையில் நிரந்தரமாக்கிய கடிதம் வந்தது.

பதினாறு வருடம் போனது. சாந்தா வந்தாள், மகள் படித்து முடித்தாள், ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் வீடு வாங்கினோம். நாட்டில் காற்று மாறியது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது, விசாரணை நடந்தது, அந்தப் பாடசாலைகளில் இருந்தவர்கள் ஊர் ஊராக வந்து சாட்சி சொன்னார்கள். எங்கள் சபையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பு வாசித்தது. சிவப்பு ஒட்டுத்தாள்கள் மட்டும் அப்படியே இருந்தன. இப்போது அவற்றைத் திறக்கலாம், ஆனால் அவற்றில் உள்ள ஒவ்வொரு தாளையும் சட்டத்தரணி பார்த்து, மற்றப் பிள்ளைகளின் பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்த பிறகே வெளியே கொடுக்கலாம். அதற்கு ஆறு கிழமை எடுக்கும்.

ஒரு மாசி மாதக் காலை, வாசிப்பறை மணி அடித்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார். தடித்த குளிரங்கி, நரைத்த பின்னல், கையில் ஒரு பிளாஸ்ரிக் உறை. இரவு முழுக்க பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். பெயர் ஐரீன் வாபூஸ்.

உறையை மேசையில் வைத்து என் பக்கம் திருப்பினார். உள்ளே என்னுடைய கடிதம். மடித்த இடங்கள் கிழிந்து, ஒட்டுநாடா ஒட்டியிருந்தது.

“இதை எழுதின கென் இன்னும் இங்கே வேலை செய்கிறானா?” என்று கேட்டார்.

“கென்?”

அவர் விரலை அடியில் வைத்தார். கே.எஸ். “கென்னத் ஸ்மித் என்று அம்மா பேர் வைத்தவ. நீலக் கண், சிவந்த கழுத்து, பெரிய வயிறு என்று நாங்கள் எல்லாரும் கதைப்போம். வீட்டில் ஏதாவது துலைந்தால் கென்னிடம் கேள், இல்லை என்று சொல்லுவான் என்று பகிடி விடுவோம். அம்மா மட்டும் சிரிக்கமாட்டா.”

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. “யாரென்று பார்க்கிறேன்” என்றேன். அந்தப் பொய்யையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அவர் தொடர்ந்து பேசினார். ஆக்னஸ் அவருக்கு மூத்தவள். தெற்கே ஆஸ்பத்திரி என்று சொன்னதால், பிள்ளை சுகமாகி ரொறன்ரோவில் யாரோ வீட்டில் வளர்ந்திருப்பாள் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாராம். “நான் எப்ப இந்த நகரத்துக்கு வந்தாலும், என்னைவிட ஆறு வயது கூடின பொம்பிளையளின் முகத்தைப் பார்ப்பேன். ரயிலில், கடையில், எல்லா இடமும். இப்ப அம்மாவுக்கு எண்பத்தொன்பது. ஆஸ்பத்திரியில் இருக்கிறா. இரண்டு மூன்று நாள் என்று டொக்ரர் சொல்லுகிறார். என் தம்பி பக்கத்தில் இருக்கிறான். நான் ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியாது. வரவேண்டும் போல இருந்தது.”

நிலவறைக்கு இறங்கினேன். சாவி என்னிடம் இருந்தது. சிவப்புப் பெட்டிகளில் அந்தப் பாடசாலையின், அந்த வருடத்தின் பெட்டியை எடுத்து, நின்றபடியே திறந்தேன். பதினைந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. பதினாறு வருடம் இருபத்தைந்து படிகளுக்குக் கீழே இருந்த தாள்.

அதிபர் தன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் காபன் பிரதி. ‘பிள்ளை ஆக்னஸ் ராபிட், மோசஸ் வாபூஸின் மகள், இந்த மாதம் நெஞ்சு நோயால் இறந்தாள். அடக்கம் இங்கேயே செய்யப்பட்டது. பெற்றோர் மிருகங்களுக்குப் பொறி வைக்கும் காட்டில் இருப்பதால் ஏரிப் பனி உடையும்வரை தகவல் அனுப்புவது வசதிப்படாது.’

தகப்பனின் உண்மையான பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் கையாலேயே எழுதியிருக்கிறார். ஏரிப் பனி அந்த வசந்தத்திலும் உடைந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் உடைந்திருக்கும். தகவல் போகவில்லை.

அதன் பின்னால் மடித்த தாள் ஒன்று. சவக்காலைக்கு வேலி திருத்துவதற்காக யாரோ கீறிய படம். ஏரிக்கரை, தேவாலயம், வரிசை வரிசையாகச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மூன்றாம் வரிசையில் ஆக்னஸ்.

இரண்டையும் ஒரு கடதாசிக் கோவைக்குள் வைத்துக்கொண்டு, நிலவறை வாசலில் இருந்த ஹோல்டனின் அறைக்குப் போனேன். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது அவருக்கு. அடிமட்டத்தை எடுத்துக் கடிதத்தை வாசித்தார். படத்தைப் பார்க்கும்போது அடிமட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்.

“கண்டுபிடித்துவிட்டீர்கள்” என்றார் மெதுவாக.

“தங்கை மேலே வாசிப்பறையில் இருக்கிறார், சேர். தாய்க்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.”

“சட்டத்தரணியை இன்றைக்கே கூப்பிடுகிறேன். அவசரம் என்று சொல்கிறேன். ஒரு கிழமையில் முடிக்கப் பார்ப்போம்.”

“தாய்க்கு ஒரு கிழமை இல்லை.”

“மிஸ்டர் சிவா, இந்தப் படத்தில் வேறு பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுடைய குடும்பங்களுக்கும் உரிமை இருக்கிறது. நாங்கள் ஒரு பிழை விட்டால், மேலிடத்தில் இருப்பவர்கள் இந்த அறையையே பூட்டிவிடுவார்கள். இருபத்தைந்து வருடம் நான் கவனமாக இருந்ததால்தான் இந்தக் கதவு திறந்திருக்கிறது.”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன்பும் அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

“அந்தக் கடிதத்தின் அடியில் என் எழுத்து இருக்கிறது, சேர்.”

“நடைமுறைப்படி போட்டீர்கள்.”

“நடைமுறை உங்களுடையது. எழுத்து என்னுடையது.”

நான் கோவையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். அடுத்த மாதத்து வீட்டுக் கடனும், ஐம்பத்தைந்து வயதில் யார் வேலை தருவான் என்பதும் ஒவ்வொரு படியிலும் நினைவுக்கு வந்தன.

ஐரீன் குளிரங்கியைக்கூடக் கழற்றாமல் இருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். கோவையை இன்னும் திறக்கவில்லை.

“கே.எஸ். நான்தான்” என்றேன். “கந்தையா சிவராசா. அந்தக் கடிதத்தை எழுதினது நான். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது. கூடத் தேடாமல் அனுப்பினேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். மறுபடி முகத்தை.

“நீ எங்கிருந்து வந்தாய்?”

“சிலோன். அகதியாக வந்தேன்.”

“அங்கே உங்களை என்ன செய்தார்கள்?”

“கொன்றார்கள். கொண்டுபோனார்கள். சிலர் எங்கே என்று இன்னும் தெரியாது.”

“அதெல்லாம் கண்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்து, இந்த வேலையா செய்தாய்?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே விளங்காமல் கேட்டார். கோவையைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். ‘இறந்தாள்’ என்ற சொல்லில் விரலை வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார். வாசிப்பறையில் போன் பேசக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. எழுதி ஒட்டியவன் நான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

தம்பி தாயின் காதில் போனை வைத்திருக்க வேண்டும். ஐரீன் தங்கள் மொழியில் மெதுவாகச் சொன்னார். ஆக்னஸ் என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. மறுபக்கத்தில் உலர்ந்த ஒரு குரல் ஏதோ கேட்டது.

ஐரீன் என்னைப் பார்த்தார். “எந்தப் பக்கம் கிடக்கிறாள் என்று அம்மா கேட்கிறா. தண்ணிப் பக்கமா, மரப் பக்கமா?”

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். “தண்ணியிலிருந்து மூன்றாவது வரிசை. தேவாலயத்துக்குக் கிழக்கே.”

சொன்னார். குரல் மறுபடி கேட்டது.

“பக்கத்தில் ஆர்?”

அந்தக் கேள்விதான். இரண்டு பக்கப் பெட்டியிலும் பெயர்கள் இருந்தன. கறுப்பு மை போட வேண்டிய பெயர்கள். அப்போது கதவு திறந்தது. ஹோல்டன் வாசலில் நின்றார். போனைப் பார்த்தார், திறந்து கிடந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் வந்து கோவையை மூடியிருக்கலாம். இரண்டு அடிதான் தூரம்.

“இடது பக்கம் சாரா பீவர்” என்று வாசித்தேன். “வலது பக்கம் மேரி ஜேன். மேரி ஜேனின் தகப்பன் பெயர் எழுதவில்லை.”

ஐரீன் போனில் சொன்னார். மறுபக்கத்தில் அந்தக் குரல் ‘சாரா’ என்று இரண்டு தரம் சொன்னது எனக்கே கேட்டது. பிறகு நீண்டு ஏதோ சொன்னது. ஐரீன் கண்ணைத் துடைக்காமல் எனக்குச் சொன்னார்: “சாரா, அம்மாவின் தமக்கையின் மகள். அவளும் ஆக்னஸும் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்களாம். பெரியம்மாவும் தேடித் தேடித்தான் செத்தவ. ஆக்னஸ் தனியக் கிடக்கவில்லை என்று அம்மா சொல்லுகிறா.”

போனை வைக்கும்வரை ஹோல்டன் வாசலிலேயே நின்றார். பிறகு, “மிஸ்டர் சிவா, முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐரீன் எழுந்தபோது நான் கடிதத்தின் பிரதியையும் படத்தின் பிரதியையும் உறையில் போட்டுக் கொடுத்தேன். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கதவடியில் நின்று, “இப்படி எத்தனை கடிதம் எழுதினாய்?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியாது” என்றேன்.

“தெரிந்துகொள்” என்றார்.

தாய் மூன்றாம் நாள் இறந்துவிட்டதாக ஐரீனின் தம்பி காப்பகத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

ஹோல்டன் எனக்கான எச்சரிக்கைக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். மேலிடம் என்னை நிறுத்தவே சொன்னதாம். இவர் பேசி இடமாற்றமாக்கினாராம். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பெட்டிகள் வைக்கும் களஞ்சியம். மனிதர் வராத இடம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சாந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கடிதத்தையும் சேர்த்து. அதை அவளுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்துவிட்டாள். “எங்களைக் கூப்பிடுறதுக்காகவா அப்பிடி எழுதினீங்கள்?”

“அதுவும் ஒரு காரணம்.”

“அப்ப அந்தக் கடிதத்திலை நானும் இருக்கிறன்” என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

களஞ்சியத்தில் ஆறு வருடம் இருந்தேன். ஹோல்டன் ஓய்வுபெற்றார். நாடு முழுக்கப் பாடசாலைக் காணிகளில் அடையாளமில்லாத புதைகுழிகளைத் தேடத் தொடங்கிய பிறகு, புதிதாக வந்த அதிகாரி சிவப்பு ஒட்டுத்தாள்களைக் கழற்றச் சொன்னார். அவர் என்னைத் திரும்பக் கூப்பிட்டபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பழைய ‘சி’ கடிதங்களின் பிரதிகள் எனக்கு வேண்டும். கே.எஸ். என்று முடிகிறவை முதலில்.

என் கடைசி வருடங்கள் அதிலேயே போயின. மூன்று பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, பெயரை எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்து, எல்லாப் பெட்டியிலும் தேடினேன். பலவற்றுக்கு உண்மையாகவே பதிவு இருக்கவில்லை; எரிந்திருக்கும், அல்லது எழுதவேயில்லை. பலவற்றுக்கு இருந்தது. சாரா பீவரின் தாய்க்கும் நான் ஒரு ‘சி’ கடிதம் அனுப்பியிருந்தேன். அந்தப் பிரதியை இரண்டாம் பெட்டியில் கண்டேன். அன்று வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்.

புதிய கடிதங்களை நான் தட்டச்சுச் செய்து அனுப்பவில்லை. முகவரிகள் பழையவை, பாதி திரும்பி வந்துவிடும். குடியிருப்பின் நிர்வாகக் கந்தோருக்குப் போன் எடுத்து, அந்தக் குடும்பத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களுக்கே பேசினேன். சிலர் அழுதார்கள். சிலர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார்கள். ஒருவர், என் தகப்பன் செத்த பிறகு சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டார். வெட்கமாக இருக்கிறது என்றேன்.

ஓய்வுபெற ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு பின்னேரம், வடக்கே ஒரு வீட்டுக்குப் போன் எடுத்தேன். ஒரு வயோதிபர் எடுத்தார். பின்னால் தொலைக்காட்சியில் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது. என் பெயரையும் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொன்னேன்.

“கடிதம் எழுதின என் அக்கா செத்துப் பதினொரு வருடம்” என்றார். “இப்ப என்னத்துக்கு எடுக்கிறாய்?”

“அவருக்கு நான் பிழையான பதில் எழுதினேன். பதிவு இல்லை என்று எழுதினேன். பதிவு இருக்கிறது. உங்கள் அண்ணாவின் பெயர் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அவர் எங்கே கிடக்கிறார் என்று எனக்குத் தெரியும்.”

வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

“பொறு” என்றார். “வைத்துவிடாதே. பேனை எடுத்துக்கொண்டு வருகிறேன்.”

மேசை லாச்சி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. இன்னொன்று. அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் தாளை நேராக்கி, அண்ணாவின் பெயரின் முதல் எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.